ரசிகனா ஆரம்பிச்சவர்... உலகம் முழுக்க ரசிகர் கூட்டத்தைக் கொடுத்தவர்! 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர் யார்?

2022 மே 26. இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கும் விட்பி என்ற சின்ன ஊர். அங்கே குன்றின் மேல் பாதி இடிந்து நிற்கும் பழைய மடாலயத்தில் 1,369 பேர் கூடினார்கள். எல்லோருக்கும் ஒரே வேஷம். தோளில் கறுப்பு அங்கி, வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் கோரைப்பல். ரத்தக் காட்டேரி வேடத்தில் ஒரே இடத்தில் அதிகம் பேர் கூடியதற்கான கின்னஸ் சாதனை அன்று அங்கே பதிவானது.

ஏன் அந்த நாள்? 'டிராகுலா' நாவல் வெளியாகி அன்றோடு சரியாக 125 வருஷம். ஏன் அந்த ஊர்? டிராகுலா என்ற பேர் எழுத்தாளர் கையில் சிக்கியதே அங்கேதான்.

இப்போ செல்போனைத் திறந்தால் ரத்தக் காட்டேரி கதைகளுக்கு என்றே தனி உலகம் இருக்கு. படித்ததைப் பேச ஒரு குழு, படம் வரைந்து போட ஒரு பக்கம், தனக்குப் பிடித்த மாதிரி முடிவை மாற்றி எழுத இன்னொரு பக்கம். ஆனா இதற்கெல்லாம் விதை போட்ட மனுஷன், பணக் கஷ்டத்தில் உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் எழுதிய மறு வருஷமே இறந்துபோனார். தன் புத்தகம் இவ்ளோ பெரிசாகும்னு அவருக்குக் கடைசி வரை தெரியாது.

யார் இந்த பிராம் ஸ்டோக்கர்? அவர் வாழ்க்கையில் என்ன நடந்தது? பார்க்கலாம் வாங்க.

ஏழு வயசு வரை படுக்கை

1847 நவம்பர் 8. அயர்லாந்தின் டப்ளின் நகரத்தை ஒட்டிய கிளான்டார்ஃப் பகுதியில் பிறந்தார். முழுப் பேர் ஆபிரகாம் ஸ்டோக்கர். ஏழு பிள்ளைகளில் மூன்றாவது. அப்பா அரசு அலுவலகத்தில் குமாஸ்தா.

பிறந்ததிலிருந்து சுமார் ஏழு வயசு வரை ஸ்டோக்கர் எழுந்து நடக்கவே இல்லை. என்ன நோய் என்று இன்று வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படுத்தே கிடந்த பிள்ளைக்கு அம்மா ஷார்லட்தான் துணை. அவர் சொன்ன கதைகள் சாதாரணமானவை இல்லை. 1832-ல் அவருடைய சொந்த ஊரான ஸ்லைகோவில் காலரா பரவியபோது சிறுமியாக இருந்த அவர் கண்ட காட்சிகள், கேட்ட செய்திகள் எல்லாம் அதில் வரும். உயிர் போகும் முன்பே புதைக்கப்பட்டவர்கள் பற்றிய பேச்சும் அதில் இருந்தது. பின்னாளில் மகன் கேட்டுக்கொண்டதால் அந்த அனுபவங்களை ஷார்லட் எழுதியும் கொடுத்தார்.

ஏழு வயசுக்குப் பிறகு கதையே மாறியது. படுக்கையில் கிடந்த அதே பிள்ளை, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படிக்கும்போது நல்ல விளையாட்டு வீரர். ஆறடிக்கு மேல் உயரம். கல்லூரியின் பேச்சு மன்றங்களிலும் தலைமைப் பொறுப்பு. படிப்பு முடிந்ததும் அப்பா வழியிலேயே அரசு வேலையில் சேர்ந்தார்.

மேசை டிராயரில் நாலு வருஷம் கிடந்த கடிதம்

ஸ்டோக்கரைப் புரிந்துகொள்ள ஒரு கடிதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைகளை அந்தக் காலத்தில் பலர் கேலி செய்தார்கள், ஆபாசம் என்று ஒதுக்கினார்கள். டிரினிட்டி கல்லூரியிலும் அதே நிலைதான். ஆனா ஸ்டோக்கருக்கு விட்மன் என்றால் உயிர். நண்பர்களோடு வாக்குவாதம் செய்து அவருக்காக நின்றார்.

1872-ல் ஒரு ராத்திரி உட்கார்ந்து விட்மனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். மனசில் இருந்த எல்லாவற்றையும் கொட்டினார். தன் உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, குணம் எப்படி என்பது வரை எழுதினார். முன்பின் பார்க்காத ஒருவரிடம் இவ்ளோ வெளிப்படையாகப் பேசியது அவருக்கே கூச்சமாகிவிட்டது போல. அனுப்பவில்லை.

அந்தக் கடிதம் நாலு வருஷம் அப்படியே கிடந்தது. 1876 பிப்ரவரியில்தான் தைரியம் வந்து, புதுசாக ஒரு கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். விட்மன் அன்போடு பதில் போட்டார். பின்னர் ஸ்டோக்கர் அமெரிக்கா போனபோது இருவரும் நேரிலும் சந்தித்தார்கள்.

பிடித்த எழுத்தாளருக்கு ஒரு மெசேஜ் டைப் செய்து, அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்து, அழித்துவிட்டு மறுபடி டைப் செய்யும் இன்றைய ரசிகருக்கும் ஸ்டோக்கருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரு நடிகருக்காக வேலையை விட்டவர்

அரசு வேலையில் இருந்துகொண்டே, சம்பளம் எதுவும் வாங்காமல் டப்ளின் பத்திரிகை ஒன்றில் நாடக விமர்சனம் எழுதிவந்தார். அதே 1876 டிசம்பரில் பிரபல நடிகர் ஹென்றி இர்விங் டப்ளினில் ஹாம்லெட் வேடம் போட்டார். ஸ்டோக்கரின் விமர்சனத்தைப் படித்து மகிழ்ந்த இர்விங், அவரை விருந்துக்கு அழைத்தார்.

இன்னொரு விருந்து முடிந்த பிறகு இர்விங் ஒரு கொலைகாரனைப் பற்றிய நீளமான கவிதையை நடித்துக் காட்டினார். அதைக் கேட்டு முடித்ததும் ஸ்டோக்கர் தன் கட்டுப்பாட்டை இழந்து உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். இதை மறைக்காமல் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

1878-ல் லண்டன் லைசியம் தியேட்டரை இர்விங் எடுத்தபோது, நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள ஸ்டோக்கரை அழைத்தார். நிலையான வருமானம், கடைசியில் ஓய்வூதியம் என்று இருந்த அரசு வேலையை ஸ்டோக்கர் விட்டுவிட்டார். அதே டிசம்பரில் ஃபுளோரன்ஸ் பால்கோம் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு லண்டனுக்குக் குடிபோனார். ஃபுளோரன்ஸை முன்பு விரும்பியவர் யார் தெரியுமா? எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட். பிறந்த ஒரே மகனுக்கு இர்விங் என்றே பேரும் வைத்தார்.

அதன் பிறகு 27 வருஷம் இர்விங்கின் நிழல் மாதிரி வாழ்ந்தார். கணக்கு, டிக்கெட், விருந்தினர் வரவேற்பு, அமெரிக்கச் சுற்றுப்பயணம் எல்லாம் அவர் தலையில். இர்விங் பேரில் வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அவர்தான்.

1882-ல் தேம்ஸ் நதியில் படகில் போகும்போது ஒருவர் தற்கொலை எண்ணத்தோடு தண்ணீரில் குதித்தார். ஸ்டோக்கர் கோட்டைக் கழற்றிவிட்டுப் பின்னாடியே குதித்து அவரை மேலே இழுத்தார். அந்த மனிதரின் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனா அந்த முயற்சிக்காக ஸ்டோக்கருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

டிராகுலா எப்படிப் பிறந்தது?

ரத்தக் காட்டேரி கதையை முதலில் எழுதியது ஸ்டோக்கர் இல்லை. 1819-லேயே ஜான் போலிடோரி எழுதிய கதை வந்துவிட்டது. டப்ளின்காரரான ஷெரிடன் லெ ஃபானு 1872-ல் 'கார்மில்லா' எழுதினார். அதில் வரும் காட்டேரி ஒரு பெண்.

நம்ம ஊர் வேதாளத்துக்கும் இங்கே ஒரு சின்ன இடம் இருக்கு. விக்கிரமாதித்தன் - வேதாளம் கதைகளில் சிலவற்றை 1870-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் பர்ட்டன். வேதாளத்தை அவர் தலைப்பிலேயே 'வேம்பயர்' ஆக்கிவிட்டார். இந்த பர்ட்டனை இர்விங் மூலம் ஸ்டோக்கர் சந்தித்திருக்கிறார், ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார். பர்ட்டன் பேசும்போது மேல் உதடு உயர்ந்து கோரைப்பல் பளிச்சென்று தெரியும் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வேதாளக் கதை டிராகுலாவுக்குள் நுழைந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனா அந்தப் பல் ஸ்டோக்கர் கண்ணில் நின்றது உண்மை.

1890 மார்ச்சில் நாவலுக்கான முதல் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். அப்போது வில்லனுக்கு வைத்த பேர் கவுன்ட் வாம்பயர். கதை நடக்கும் இடம் ஆஸ்திரியாவின் ஸ்டிரியா. அந்தக் கோடையில் குடும்பத்தோடு விட்பிக்கு விடுமுறை போனார். ஊர் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்பவர் 1820-ல் எழுதிய வரலாற்றுப் புத்தகம் கையில் கிடைத்தது. அதில்தான் டிராகுலா என்ற பேரைப் பார்த்தார். அந்த ஊர் மொழியில் அதற்கு சாத்தான் என்று பொருள் என்ற அடிக்குறிப்பையும் எழுதிக்கொண்டார். பழைய பேரை அடித்துவிட்டார்.

விட்பியில் அவர் சும்மா இருக்கவில்லை. கல்லறைகளில் இருந்த பேர்களைக் குறித்துக்கொண்டார். 1885-ல் அங்கே கரைதட்டிய டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் பற்றி விசாரித்தார். அது நார்வா துறைமுகத்தைச் சேர்ந்தது. நாவலில் டிராகுலா வந்து இறங்கும் கப்பலின் பேர் டிமிட்டர். அது கிளம்பும் துறைமுகம் வார்னா. எழுத்தை மாற்றிப் போட்டிருக்கிறார் பாருங்க.

டிரான்சில்வேனியாவுக்கு ஸ்டோக்கர் ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்த மலைகளையும் நம்பிக்கைகளையும் புத்தகங்களில் படித்தே எழுதினார். கழுவேற்றும் கொடுங்கோலன் விளாட்தான் டிராகுலா என்று நாம் நிறைய கேட்டிருப்போம். ஆனா ஸ்டோக்கரின் குறிப்புகளில் விளாட் என்ற பேரே இல்லை.

தியேட்டர் வேலை போக மிச்சம் கிடைத்த நேரத்தில், ஸ்காட்லாந்தின் குரூடன் பே கடற்கரைக் கிராமம் போன்ற இடங்களில் விடுமுறை நாட்களில் எழுதினார். முழுசாக ஏழு வருஷம். 1897 மே 26 அன்று மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்தோடு புத்தகம் வந்தது. விலை 6 ஷில்லிங்.

அப்படி என்ன புதுசு?

டிராகுலா நாவலில் கதைசொல்லி என்று தனியாக ஒருவர் கிடையாது. டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி, குரல் பதிவு, இதெல்லாம் சேர்ந்துதான் கதை. அன்றைய புது டெக்னாலஜியான டைப்ரைட்டரும் ஃபோனோகிராஃபும் கதைக்குள் வேலை செய்கின்றன.

தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும்தான் தெரியும். மீனா என்ற பெண் எல்லோருடைய டைரிகளையும் வாங்கி, டைப் செய்து, தேதிவாரியாக அடுக்கி எல்லோரையும் படிக்க வைக்கிறாள். அப்போதுதான் டிராகுலா யார், எப்படி வருகிறான், எதற்குப் பயப்படுவான் என்பது புரிகிறது. ஒருத்தர் தனியாக இருந்தால் டிராகுலா ஜெயிக்கிறான். எல்லோரும் தெரிந்ததைப் பகிரும்போது தோற்கிறான். இன்று ஒரு தொடரைப் பார்த்துவிட்டு ரசிகர்கள் குழுவில் துப்பு சேர்ப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

கண்ணாடியில் உருவம் தெரியாது, வீட்டுக்குள் வர ஒருவர் அழைக்க வேண்டும், பூண்டு ஆகாது போன்ற விதிகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து நிலைநிறுத்தியது இந்த நாவல். ஆனா வெயில் பட்டால் காட்டேரி செத்துவிடும் என்பது ஸ்டோக்கர் எழுதியது இல்லை. நாவலில் டிராகுலா பகலிலேயே லண்டன் தெருவில் நடக்கிறான். சக்திதான் குறையும்.

பாராட்டு வந்தது, பணம் வரவில்லை

விமர்சனங்கள் பெரும்பாலும் நல்லபடியாகவே வந்தன. 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலுக்குப் பிறகு இப்படி ஒன்று வந்ததில்லை என்று அம்மா ஷார்லட் மகிழ்ந்து கடிதம் எழுதினார். ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கோனன் டாயலும் ரசித்துப் படித்ததாக எழுதினார். ரசிகர் கடிதத்தை டிராயரில் பூட்டி வைத்தவருக்கு இப்போது ரசிகர் கடிதம் வந்தது.

ஆனா புத்தகம் அவரைப் பணக்காரர் ஆக்கவில்லை. அடுத்தடுத்து அடிகள். 1898-ல் லைசியம் தியேட்டரின் கிடங்கு தீப்பிடித்து அரங்கப் பொருட்கள் எரிந்தன. சில வருஷத்தில் தியேட்டரே கைவிட்டுப் போனது. 1905 அக்டோபரில் இர்விங் இறந்தார். அடுத்த வருஷம் ஸ்டோக்கருக்குப் பக்கவாதம். அந்த நிலையிலும் அவர் முடித்து வெளியிட்டது இர்விங் பற்றிய இரண்டு பாக நினைவுக் குறிப்பைத்தான்.

எழுத்தாளர்களுக்கு உதவும் ராயல் லிட்டரரி ஃபண்ட் அமைப்பிடம் 1911-ல் உதவி கேட்டு விண்ணப்பித்தார். 1912 ஏப்ரல் 20 அன்று 64 வயதில் லண்டனில் காலமானார். டைட்டானிக் மூழ்கி ஐந்தே நாள் ஆகியிருந்தது. ஊரெல்லாம் அந்தப் பேச்சுதான். வந்த இரங்கல் செய்திகளிலும் இர்விங்கின் மேலாளர் என்ற அடையாளமே முன்னால் நின்றது.

1913-ல் அவருடைய புத்தகங்களும் தாள்களும் ஏலத்துக்குப் போயின. ஏழு வருஷம் உழைத்த டிராகுலா குறிப்புகள் விலைபோனது இரண்டு பவுண்டு சொச்சத்துக்கு. இன்று அவை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன.

மனைவி நடத்திய சட்டப் போராட்டம்

ஸ்டோக்கர் போன பிறகு ஃபுளோரன்ஸுக்கு அந்தப் புத்தகம்தான் சொத்து. 1922-ல் ஜெர்மனியில் 'நோஸ்ஃபெராட்டு' படம் வந்தது. பேர்களை மட்டும் மாற்றிவிட்டு, அனுமதி வாங்காமல் டிராகுலா கதையையே எடுத்திருந்தார்கள். வெயிலில் காட்டேரி அழிவது இந்தப் படத்தில்தான் வந்தது.

ஃபுளோரன்ஸ் விடவில்லை. தயாரிப்பு நிறுவனம் திவாலானது. 1925-ல் படத்தின் பிரதிகள் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனா சில பிரதிகள் தப்பிவிட்டன. இன்று அது உலக சினிமாவின் முக்கியமான படங்களில் ஒன்று. அப்போது விதவையின் வருமானத்தைத் திருடிய படம், இப்போது ரசிகர்கள் கொண்டாடும் படம். இரண்டுமே உண்மை.

பிறகு அவர் அனுமதியோடு நாடகம் வந்தது. 1931-ல் பெலா லுகோசி நடித்த ஹாலிவுட் படம் வந்தது. டிராகுலா உலகத்துக்கே தெரிந்த முகம் ஆனான்.

அமெரிக்காவில் காப்புரிமை விதிகளை முறையாக நிறைவேற்றாததால் நாவல் அங்கே பொதுச் சொத்தாகவே இருந்தது. பிரிட்டனிலும் 1962-ல் காப்புரிமை முடிந்தது. யார் வேண்டுமானாலும் டிராகுலாவை எடுத்து எழுதலாம், வரையலாம், நடிக்கலாம்.

ரசிகர்கள் கையில் வந்த கதை

லண்டனில் டிராகுலா ரசிகர்களுக்கான சங்கம் 1973-ல் தொடங்கியது. 1976-ல் அமெரிக்க எழுத்தாளர் ஆன் ரைஸ், காட்டேரியே தன் கதையைச் சொல்வது போல நாவல் எழுதினார். தன் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் கதை எழுதுவது அவருக்குப் பிடிக்கவில்லை. 2000-ல் அதை வெளிப்படையாகவே சொல்ல, இணையத்தில் பலர் தங்கள் கதைகளை நீக்க வேண்டி வந்தது. 2005-ல் 'ட்வைலைட்' வந்தது. அதற்கு ரசிகை ஒருவர் இணையத்தில் எழுதிய கதைதான் மாற்றி எழுதப்பட்டு 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' ஆனது.

2022-ல் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். டிராகுலா நாவல் மே 3 தேதியிட்ட டைரிக் குறிப்போடு தொடங்கி நவம்பரில் முடியும். கதையில் எந்தத் தேதி வருகிறதோ, அதே தேதியில் அந்தப் பகுதியை மட்டும் இமெயிலில் அனுப்பும் 'டிராகுலா டெய்லி' என்ற முயற்சி அந்த வருஷம் வைரலானது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே நாளில், ஒரே பக்கத்தைப் படித்தார்கள். கதையில் ஜொனாதன் பயணத்தின்போது சாப்பிட்ட கோழிக் குழம்பின் செய்முறையை மீனாவுக்காக வாங்க வேண்டும் என்று குறித்துக்கொள்வான். அந்த ஒரு வரியை வைத்தே கிண்டலும் மீம்ஸும் பறந்தன. சில நாட்கள் ஜொனாதனிடமிருந்து எதுவும் வராது. அப்போ அவனுக்கு என்ன ஆச்சோ என்று கவலைப்பட்டார்கள். 125 வருஷப் பழைய நாவலுக்கு!

நூலகத்தில் காத்திருந்த கதை

கடைசியாக ஒரு விஷயம். டப்ளினைச் சேர்ந்த ஒரு ஸ்டோக்கர் ரசிகர். காதில் அறுவை சிகிச்சை முடிந்து விடுப்பில் இருந்த நேரத்தில் அயர்லாந்து தேசிய நூலகத்துக்குப் போய் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். டப்ளின் பத்திரிகை ஒன்றின் 1890 கிறிஸ்துமஸ் இணைப்பில் 'கிப்பெட் ஹில்' என்ற ஸ்டோக்கரின் சிறுகதை கண்ணில் பட்டது. ஆய்வாளர்களின் பட்டியல்களிலோ வாழ்க்கை வரலாறுகளிலோ அந்தக் கதையே இல்லை. 2024 அக்டோபரில் செய்தி வெளியே வந்தது.

ஸ்டோக்கர் டிராகுலாவுக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கிய அதே வருஷம் அச்சான கதை அது. 130 வருஷத்துக்கு மேல் அலமாரியில் கிடந்து, கடைசியில் ஒரு ரசிகர் கையில்தான் கிடைத்தது. விட்மனுக்கு எழுதிய கடிதத்தை நாலு வருஷம் அனுப்பாமல் வைத்திருந்த மனுஷன் இதைக் கேட்டிருந்தால் கண்டிப்பாகச் சிரித்திருப்பார்.